விழுந்தது யார் தவறு? புதிர் ஆட்டங்களுக்கும் பிளாட்ஃபார்ம் ஆட்டங்களுக்கும் மதிப்புரை எழுதும் முறை

காரைக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆடு புலி ஆட்டத்துக்கான கோடுகள் செதுக்கப்பட்டிருந்தன: 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. ஆட்டம் முடிந்ததும் அப்பத்தா காய்களை உடனே அள்ளிவிட மாட்டார். “எந்தக் காய்ல விட்டேன்னு சொல்லு பார்ப்போம்” என்று கேட்டு, தோற்றவர் அந்த இடத்தைச் சரியாகக் காட்டும்வரை காய்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போவார். பின்னாளில் வீடியோ கேம்களைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, எனக்கு மிகவும் கைகொடுத்தது அந்தக் கேள்விதான். தாவி ஏறும் பிளாட்ஃபார்ம் ஆட்டமாக இருந்தாலும் யோசித்து விடுவிக்கும் புதிர் ஆட்டமாக இருந்தாலும், ஆடுபவர் தோற்ற இடத்துக்குத் திரும்பிச் சென்று, தவறு அவருடையதா, ஆட்டத்தை அமைத்தவருடையதா, இடையில் இருக்கும் கருவியுடையதா என்று பிரித்துச் சொல்வதே மதிப்புரையின் முதல் வேலை.

கருவியிலிருந்து தொடங்குங்கள். 1990-களில் பினாங்கிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த டிவி கேம் பெட்டியில்தான் நான் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆடிப் பழகினேன். பல ஆண்டுகள் கழித்து அதே ஆட்டத்தை வேறொரு கருவியில் ஆடிவிட்டு, புதிய பதிப்பில் வேகத்தைக் கூட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதினேன். நான் எழுதியது பிழை. 1985-இல் ஜப்பானில் வெளிவந்த அந்த ஆட்டம் நொடிக்கு 60 முறை திரை மாறும் கணக்கில் எழுதப்பட்டது; எங்கள் பெட்டியோ 50 முறைதான் மாற்றியது. ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, இசையின் தாளமும் தளர்ந்து போயிருந்த அந்த வடிவத்தையே நான் அசல் என்று நம்பியிருந்தேன். ஆகவே பழைய ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, எந்தத் திரை என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். எமுலேட்டரில் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருளில்) இடையிடையே சேமித்துக்கொண்டு ஆடினீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். 3 உயிர்களோடு முதலிலிருந்து ஆடுபவருக்குக் கிடைக்கும் பதற்றம் அப்படி ஆடியவருக்குக் கிடைத்திருக்காது.

திரையும் தவறு செய்யும். சென்ற கோடை விடுமுறையில் அக்காள் மகன் வளவில் அமர்ந்து ஆடிக்கொண்டிருந்தவன், நான்காவது முறையும் குழியில் விழுந்ததும் கண் கலங்கி, “மாமா, நான் அமுக்கிட்டேன், அவன்தான் தாவலை” என்றான். நான் அவன் விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். பட்டன் அழுந்திய பிறகு கண்ணுக்கே தெரியும் அளவுக்குத் தாமதம் இருந்தது. இன்றைய டிவிகள் படத்தை மெருகேற்றுவதற்காக எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அமைப்புகளில் கேம் மோடைப் போட்டதும் தாவல் சரியாக விழுந்தது. அதைக் கவனிக்காமல் எழுதியிருந்தால் டிவியின் குற்றத்தை ஆட்டத்தின் தலையில் கட்டியிருப்பேன். பிறர் ஆடும்போது பக்கத்தில் வாய் திறவாமல் உட்கார்ந்து பார்ப்பதில் இத்தனை பயன் இருக்கிறது.

பிளாட்ஃபார்ம் ஆட்டத்தில் அடுத்துச் சோதிக்க வேண்டியது தாவல். கதையையும் படங்களையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, முதல் லெவலிலேயே அரை மணி நேரம் தாவிப் பாருங்கள். பட்டனைத் தட்டினால் எவ்வளவு உயரம், அழுத்திப் பிடித்தால் எவ்வளவு உயரம், காற்றில் இருக்கும்போது திசை மாற்ற முடிகிறதா, விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் தாவல் ஏற்கப்படுகிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 1981-இன் டாங்கி காங்கில் ஒருமுறை எழும்பினால் எழும்பியதுதான். நடுவழியில் மனத்தை மாற்றிக்கொள்ள இடமில்லை. சூப்பர் மாரியோவில் காற்றிலேயே ஓரளவு திருப்பலாம். 2018-இல் வந்த செலஸ்ட், விளிம்பைவிட்டு நகர்ந்த பின்னும் சில ஃபிரேம்கள்வரை, அதாவது திரை சில முறை மாறும் நேரம்வரை, தாவ அனுமதிக்கிறது. இம்மூன்றில் எது உயர்ந்தது என்று தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. அந்தந்தத் தாவலுக்கு ஏற்றபடி குழிகளும் எதிரிகளும் வைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டம் எப்படிக் கற்பிக்கிறது என்பதற்கு மாரியோவின் முதல் லெவலைப் போன்ற உதாரணம் எனக்கு வேறு கிடைக்கவில்லை. தொடங்கியவுடன் கூம்பா என்ற எதிரி ஒன்று எதிரே நடந்து வருகிறது, தாவாவிட்டால் சாவு. அதன் அருகே, தலைக்கு மேல், கேள்விக்குறி போட்ட கட்டிகள். அவற்றுள் ஒன்றை முட்டினால் வெளிவரும் காளான் வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. அஞ்சி ஒதுங்க நினைப்பவர்மீதும் பெரும்பாலும் அது பட்டுவிடும். பட்டதும் மாரியோ பெரியவனாகிறான். ஒரு சொல்கூட இல்லாமல், சில நொடிகளுக்குள், எதற்கு அஞ்ச வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்ற இரண்டும் புரிந்துவிடுகின்றன. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்ததால், மேகத்தின் வடிவத்துக்கே பச்சை நிறம் கொடுத்துப் புதராகவும் பயன்படுத்தினார்கள். இத்தகைய நெருக்கடியைக் குறிப்பிடுவது நியாயம்தான். ஆனால் அதைக் காரணம் காட்டி, இன்று காசு கொடுத்து வாங்குபவருக்கு எரிச்சலூட்டும் குறைகளை மறைக்கக் கூடாது.

புதிர் ஆட்டங்களுக்கு வேறு வகையான பொறுமை தேவை. விடையை இணையத்தில் தேடாமல் ஆடுங்கள். எங்கே சிக்கினீர்கள், எவ்வளவு நேரம் சிக்கினீர்கள், எது விடுவித்தது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். விடை கிடைத்த நொடியில் “இவ்வளவு நேரம் கண்முன்னேதானே இருந்தது” என்று தோன்றினால் தவறு உங்களுடையது, அந்தப் புதிர் நல்ல புதிர். “இது எனக்கு எப்படித் தெரியும்” என்று தோன்றினால் அமைத்தவர் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார். 1982-இல் ஜப்பானில் வெளிவந்த சோகோபானில் பெட்டிகளைக் குறியிட்ட இடங்களில் சேர்க்க வேண்டும்; பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. எல்லாம் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. குறியிட்ட இடமல்லாத மூலையில் ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டால் அதோடு சரி, அதை மீட்க வழியில்லை. அப்பத்தா கேட்ட கேள்விக்கு அங்கே எப்போதும் விடை உண்டு. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு நகர்வைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதா, தொடக்கத்திலிருந்தே ஆட வேண்டுமா என்பது சிறு தகவலாகத் தோன்றினாலும், வாசகர் அந்த ஆட்டத்தைத் தொடர்வாரா கைவிடுவாரா என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவுசெய்யும்.

பெயர் ஒன்றாக இருப்பதால் ஆட்டமும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸில், மேலிருந்து விழ விழ நாம் அடுக்க வேண்டிய கட்டைகளுக்கு 7 வடிவங்கள். பழைய நிண்டெண்டோ பதிப்பில் நீளக் கட்டை வராமலே நெடுநேரம் கழியலாம். இன்றைய பதிப்புகள் பலவற்றில் 7 வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, தீர்ந்த பிறகே மறுபடி நிரப்பும் முறை இருப்பதால், இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவே 12 கட்டைகளுக்குமேல் வர இயலாது. முன்னதில் வறட்சியைத் தாங்கும் ஆட்டம், பின்னதில் திட்டமிடும் ஆட்டம்.

நம் வாசகருக்கென்று ஒரு கடமையும் இருக்கிறது. 2019-இல் வந்த பாபா இஸ் யூ ஆட்டத்தில் விதிகளே சொற்கட்டைகளாகக் கிடக்கின்றன. அவற்றைத் தள்ளி வரிசை மாற்றினால் விதியும் மாறிவிடும். சுவரைத் தடையாக்கும் வாக்கியத்தைக் கலைத்தால் சுவருக்குள்ளேயே நடந்து போகலாம். (இது தொடக்கப் பாடம் என்பதால் சொல்கிறேன், பின்வரும் லெவல்களின் விடைகளை மதிப்புரையில் தொடக் கூடாது.) அந்தக் கட்டைகள் ஆங்கிலச் சொற்கள், வாக்கிய அமைப்பும் ஆங்கிலத்துடையது. தமிழ் வழியில் படிக்கும் 8 வயதுக் குழந்தைக்கு வாங்கித் தர நினைப்பவரிடம் இதைச் சொல்ல வேண்டுமல்லவா?

எழுத உட்காரும்போது “கிராஃபிக்ஸ் அருமை”, “கண்ட்ரோல் சூப்பர்” போன்ற சொற்களை அடித்துவிட்டு, அவற்றின் இடத்தில் நடந்ததை எழுதுங்கள். “தாவல் கடினம்” என்பதைவிட, “இரண்டாம் லெவலில் நகரும் பலகையிலிருந்து தாவும்போது அடுத்த பலகை திரைக்கு வெளியே இருந்ததால் 9 முறை விழுந்தேன்” என்பது வாசகருக்குப் பயன்படும். மதிப்பெண் கட்டாயமில்லை, கொடுப்பதாக இருந்தால் பழையதற்கும் புதியதற்கும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் ஆடி முடிக்கவில்லை என்றால் எந்த லெவல்வரை ஆடினீர்கள் என்று குறிப்பிடுங்கள். புதிய ஆட்டங்கள் அப்டேட்டுகளால் மாறிக்கொண்டே இருப்பதால், ஆடிய தேதியையும் பதிப்பு எண்ணையும் சேர்த்துவிடுங்கள். பிழை பின்னர் தெரியவந்தால் பழைய வரியை அழிக்காமல், திருத்தத்தை அதன் மேலேயே போடுங்கள். மாரியோவின் வேகத்தைப் பற்றி நான் எழுதிய அந்த வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதன் தலைமேல் 60, 50 என்ற கணக்கோடு.