போலீஸ் ஸ்டேஷனில் பதிவானதைக் கேட்டு வாங்குவது எப்படி

நான் ஈரோட்டில் மனு எழுதித் தருகிறவள். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு வருகிறவர்களில் பலர் கொண்டுவருவது போலீஸ் சம்பந்தப்பட்ட விஷயம்தான். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "நம்பர் இருக்குங்களா?" என்பது. பெரும்பாலும் இருக்காது. "எழுதி வாங்கிட்டு, கூப்பிடறோம்னு அனுப்பிட்டாங்கம்மா" என்பார்கள். எந்த ரிஜிஸ்டரில் எழுதினார்கள், யார் விசாரிக்கிறார்கள், எதுவும் தெரியாது. நம்பர் இல்லாவிட்டால் எஸ்.பி. ஆபீஸிலும் பேச முடியாது, கோர்ட்டிலும் தேட முடியாது, தகவல் உரிமை மனுவில் உங்கள் புகாரைச் சுட்டிக் கேட்பதும் கஷ்டம். ஆகவே முதல் வேலை அதுதான்.

ஸ்டேஷனில் தரும் நம்பர் இரண்டு வகை. புகாரை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாகத் தருவது சி.எஸ்.ஆர். ரசீது. வழக்காகவே பதிந்துவிட்டால் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்.; அதற்கு உரியது குற்ற எண், பேச்சில் 'கிரைம் நம்பர்'. 214/2025 என்பதுபோல ஒரு எண், பக்கத்தில் ஆண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றிலிருந்து தொடங்கும் வரிசை அது. அதனால் ஸ்டேஷன் பெயரும் ஆண்டும் சேராத குற்ற எண்ணால் பயனில்லை.

சி.எஸ்.ஆர். வாங்கியவர்கள் கேஸ் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மனு வந்தது, விசாரிக்கப் போகிறோம் என்பதற்கு மேல் அந்த ரசீதில் ஒன்றும் இல்லை. அதை வாங்கியதும் கவுன்ட்டரை விட்டு நகராமல் படித்துப் பாருங்கள். எண், தேதி, உங்கள் பெயர், எதிர்மனுதாரர் பெயர், மனுவின் சுருக்கம், வாங்கியவர் கையெழுத்து, ஸ்டேஷன் முத்திரை. சுருக்கத்தில்தான் கண் வைக்க வேண்டும். "வீட்டுக்குள் வந்து அடித்தார்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தது ரசீதில் "வாய்த்தகராறு" என்று சுருங்கியிருந்தால், அங்கேயே சொல்லி மாற்றக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த ஒற்றை வார்த்தையைக் காட்டித்தான் உங்கள் மனுவை முடித்துவைப்பார்கள். இது நடந்து, கண்ணீரோடு வந்து உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்திருங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 173-ஆவது பிரிவுப்படி, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி.யிடம் அனுமதி வாங்கி முதற்கட்ட விசாரணை செய்யலாம். அதையும் 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். மாதக்கணக்கில் சி.எஸ்.ஆரிலேயே போட்டு வைக்க இந்தப் பிரிவு இடம் தரவில்லை. வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

எஃப்.ஐ.ஆர். போட்டால், புகார் கொடுத்தவருக்கு அல்லது பாதிக்கப்பட்டவருக்கு உடனே இலவசமாக நகல் தர வேண்டும். இதுவும் அதே 173-ஆவது பிரிவுதான். "ஜெராக்ஸுக்குக் காசு கொடுங்க", "ரைட்டர் இல்லை, நாளைக்கு வாங்க" என்றால், பணிவாகவே, ஆனால் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குச் சேர வேண்டிய காகிதம் அது. கெஞ்ச வேண்டியதில்லை.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி இருக்கிறது. மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எண் கொடுத்து, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் பி.டி.எஃப். இறங்கும். சி.எஸ்.ஆர். நிலையையும் அங்கேயே பார்க்கலாம். எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும், இணைய வசதி மோசமான இடங்களில் அதிகபட்சம் 72 மணி நேரம் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அப்படி மறைக்கும் முடிவை டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணின், குழந்தையின் அடையாளம் வெளியே வரக்கூடாது என்பதற்கான விலக்கு இது. அதை மீறி நகல் தேடித் திரியாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நகல் பெறும் உரிமை உண்டு என்று அதே உத்தரவு சொல்கிறது. அவரோ அவர் சார்பாக ஒருவரோ ஸ்டேஷனிலோ எஸ்.பி.யிடமோ மனு கொடுக்கலாம்.

இணையத்தில் கிடைக்காததற்குக் கோர்ட் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். எல்லாம் அந்த எல்லைக்குரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். வழக்கு கோர்ட்டில் எண் ஆகிவிட்டால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கொண்டே தேடலாம். நகல் மனு போட்டு முத்திரையிட்ட சான்று நகல் வாங்கலாம். நீங்கள் அந்த வழக்கில் சம்பந்தப்படாதவர் என்றால், எதற்கு வேண்டும் என்று சொல்லி நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில் ஒரு வக்கீல் கூட இருப்பது நல்லது.

சாலை விபத்து என்றால் எஃப்.ஐ.ஆர். மட்டும் போதாது. சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜர், அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, கடைசியில் குற்றப்பத்திரிகை, எல்லாம் வேண்டும். ஆஸ்பத்திரியில் போடும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காயச் சான்று ஆகியவற்றைப் போலீஸிடம் தேடிப் பல பேர் அலைகிறார்கள். ஏ.ஆர். முதலில் எழுதப்படுவது ஆஸ்பத்திரியில், அங்கே கேளுங்கள். 2022 ஏப்ரலில் வந்த விதிகளின்படி விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் போலீஸ் தாக்கல் செய்ய வேண்டும். நஷ்டஈட்டு மனுவுக்குச் சட்டத்தில் இப்போது ஆறு மாத வரம்பு எழுதப்பட்டிருக்கிறது. துக்க வீட்டில் இதை எவரும் நினைக்க மாட்டார்கள். கருமாதி முடியட்டும் என்று தள்ளி, பிறகு வருஷமே ஓடிப்போகும். குடும்பத்தில் யாராவது ஒருவர் இந்தப் பொறுப்பை முதல் வாரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ், லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம் தொலைந்ததற்கு ஸ்டேஷனுக்கே போக வேண்டாம். அதே இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம். திருடு போனது என்றால் இது செல்லாது, புகார்தான்.

இனி, தன் சொந்த வழக்கு எதுவும் இல்லாமல், தெருவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு. அடுத்தடுத்து வீடு புகுந்து திருட்டு நடந்த ஒரு நகரிலிருந்து குடியிருப்போர் சங்கத்தார் வந்தார்கள். ரோந்து கேட்டு மனு எழுத வேண்டும் என்றார்கள். முதலில் கணக்கை வாங்குங்கள், பிறகு ரோந்து கேட்கலாம் என்று இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். பொருள்: தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் தகவல் கோருதல். … காவல் நிலைய எல்லையில் 01.01.2024 முதல் 31.12.2024 வரை பதிவான வீடு புகுந்து திருடிய வழக்குகளின் குற்ற எண், பதிவான தேதி, சம்பவம் நடந்த தெரு, சட்டப்பிரிவு, தற்போதைய நிலை ஆகியவை கொண்ட பட்டியல் தருக. மேற்படி காலத்தில் சங்கிலிப் பறிப்பு வழக்குகளுக்கும் அவ்வாறே தருக. மேற்படி காலத்துக்குரிய, எங்கள் பகுதியின் ரோந்துப் பட்டா புத்தகத்தை (ரோந்து வரும் காவலர்கள் கையெழுத்திடும் புத்தகம்) நேரில் பார்வையிட அனுமதி தருக."

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவிலேயே ஒட்டினால் கட்டணம் முடிந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிரிவு 6(2) அதைத்தான் சொல்கிறது. கமிஷனரேட் உள்ள ஊர் என்றால் பெறுநர் கமிஷனர் அலுவலகத்தின் தகவல் அலுவலர். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

மனுவில் "ஏன்" வேண்டாம். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால், அது தகவல் அல்ல, விளக்கம் என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் காகிதத்தைத்தான் கேட்க முடியும். "எனது சி.எஸ்.ஆர். மீதான விசாரணை அறிக்கையின் நகல், அதை முடித்துவைத்த உத்தரவின் நகல்" என்று கேளுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். வழக்கு நாட்குறிப்பைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்; அதைச் சட்டமே பூட்டி வைத்திருக்கிறது.

பதிலுக்கு 30 நாள். ஒருவரின் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். போலீஸ் மனுக்களுக்கு அடிக்கடி வரும் மறுப்பு, "புலன் விசாரணையில் உள்ளது, பிரிவு 8(1)(h)" என்பது. அதோடு விட்டுவிடாதீர்கள். விசாரணை நடக்கிறது என்ற ஒன்றே மறுக்கப் போதுமான காரணம் ஆகாது, தகவல் தருவதால் விசாரணைக்கு எப்படித் தடை வரும் என்று காட்ட வேண்டும் என்று பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. முதல் மேல்முறையீட்டில் இதை எழுதுங்கள். கூடவே, மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தரலாம் என்று சொல்லும் பிரிவு 10-ஐயும் எழுதுங்கள். பெயர், போன் நம்பரை அடித்துவிட்டு எண்ணும் தேதியும் தெருவும் கொடுத்தால் தெருக்காரர்களுக்கு அது போதுமே.

புகார் கொடுத்தவருக்குத் தகவல் உரிமை மனுவே இல்லாமல் இன்னொரு வழி இருக்கிறது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸே அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 193-ஆவது பிரிவு. 90 நாள் தாண்டினால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு, நகல் எஸ்.பி.க்கு. வழக்கை முடித்துவிட்டதாக ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்தால், கையெழுத்துப் போட்டு வாங்கும்போதே தேதியை எழுதுங்கள். அதை எதிர்த்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆட்சேபணை மனு போடலாம். என்ன நோட்டீஸ் என்றே தெரியாமல் கையெழுத்து வைத்தவர்கள் நிறைய.

முதல் மேல்முறையீடு அதே துறையின் மேலதிகாரிக்கு, கட்டணம் இல்லை. பதில் கைக்கு வந்த, அல்லது 30 நாள் கெடு முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும். அதிலும் ஆகவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணமின்றித் தகவல் மறுத்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இரண்டு மேல்முறையீட்டுக்குமே முதல் மனுவின் நகல், அனுப்பிய தபால் ரசீது, வந்த பதில் மூன்றையும் இணைக்க வேண்டும். பதில் வந்த கவரைத் தூக்கி எறியாமல், கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி பதிலோடு பின் அடித்து வையுங்கள். கெடு எண்ணும்போது அந்தத் தேதிதான் கணக்கு.