கால்வாய்க்கரை நடையில் கண் ஏமாறும் இடங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் செராய் பக்கம் விடிந்தும் விடியாத நேரத்தில் கால்வாய்க்கரையில் நடப்பவர்கள் பெரும்பாலும் டாக்டர் நடக்கச் சொன்னவர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 1906இல் கட்டி முடித்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் இது. தண்ணீர் புக்கிட் மேரா ஏரியிலிருந்து வருகிறது. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. “இங்கே பார்க்க என்ன இருக்கு?” என்பார்கள். பார்க்கத்தான் செய்கிறார்கள், ஆனால் பார்த்ததுமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

கடைவீதி மாடிகளில் கேட்கும் கீச்சுச் சத்தம் பாதி ஒலிபெருக்கியுடையது. சூப்புக்கு விலைபோகும் கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வரவழைக்க அதை ஓட விடுகிறார்கள். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பதும் அந்தக் குருவி அல்ல, தகைவிலான். உழவாரனின் காலுக்குச் சுவரைப் பற்றித் தொங்கத்தான் தெரியும், கம்பியில் உட்காரத் தெரியாது.

கால்வாய்ச் சுவரில் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பதைப் பூ என்று நினைத்துப் பிள்ளைகள் பிய்க்க விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த தங்க நத்தையின் முட்டை அது. உள்ளே நஞ்சு உண்டு, அந்தப் பளிச்சென்ற நிறமே எச்சரிக்கைதான். நத்தை நாற்றைத் தின்னும். நத்தையைத் தின்ன நத்தைகுத்தி நாரை வரும். மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அதன் அலகைப் பார்த்து, “பாவம், அடிபட்டிருக்கு” என்று ஒரு அக்கா வருத்தப்பட்டார். அந்த அலகு அடிபட்டதல்ல, அமைப்பே அப்படி. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும்.

மிதக்கும் கட்டைக்குக் கண் இருந்தால் அது பியாவாக், நீர் உடும்பு. கல்லெறியாமல் விட்டால் அதுவாகவே போய்விடும்.

சுவரோவியத்துக்கு வருவோம். 2012இல் பினாங்கு ஜார்ஜ்டவுனின் ஆர்மீனியன் தெருவில் ஓவியர் எர்னஸ்ட் ஸகரேவிச் நிஜ சைக்கிளைச் சுவரில் வைத்து இரண்டு பிள்ளைகளை வரைந்தார். அப்புறம் சின்ன ஊர்ச் சுவர்களுக்கும் வண்ணம் ஏறியது. நாம் செய்யும் தவறு, ஓவியத்துக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது. எங்கள் நடைவழியில் ஒரு பள்ளிச் சுவரில் மாணவர்கள் வெண்மார்பு மீன்கொத்தி வரைந்திருக்கிறார்கள். நீல முதுகு, பழுப்புத் தலை, எல்லாம் சரி. அலகு மட்டும் மஞ்சள். எதிரே கம்பியில் உட்காரும் நிஜப் பறவைக்கு நல்ல சிவப்பு. எனக்கு அந்த மஞ்சள்தான் பிடிக்கும்.

மரத்தடியில் சூலமும் சிவப்புத் துணியும் கண்டால் யாரோ விட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் இடிந்து தோட்டம் கைமாறிய பிறகும் முனியாண்டி இருக்கிறார், எலுமிச்சம்பழம் புதிதாக இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், சூலத்தை அடித்த கொல்லரின் சுத்தியல் தடம் இன்னும் தெரியும்.

கடைசியாக, செம்பனை வரிசைக்கு நடுவே கம்பத்தின் மேல் ஒரு பெட்டி. தபால்பெட்டியா என்று கேட்டவர்கள் உண்டு. எலியைப் பிடிக்கத் தோட்டத்தார் கூகை ஆந்தைக்கு வைத்த வீடு. ஏறிப் பார்க்காதீர்கள், குஞ்சு இருக்கலாம். கீழே ஆந்தை கக்கிய, கட்டைவிரல் அளவில் கறுப்பு உருண்டை கிடந்தால் குச்சியால் பிரித்துப் பாருங்கள். மயிருக்குள் எலியின் மண்டையோடு, ஆரஞ்சு நிற முன்பற்களோடு, முழுசாக இருக்கும்.