புடையன் நஞ்சுக்குக் கணினியில் மருந்து தேடுபவர்களுக்கு

கிளிநொச்சியில் இரசாயனம் படிப்பிக்கிறேன். இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டால், "செயற்கை நுண்ணறிவால் பாம்புக்கடிக்கு மருந்து, மிஸ்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. நெல் அறுக்கும் அருவி வெட்டுக் காலத்தில் கண்ணாடிப் புடையனுக்கு (கண்ணாடி விரியன்) பயந்து வயலில் இறங்கும் ஊரில் அந்த விருப்பம் நியாயமானதுதான்.

முதலில் இலக்கைச் சரியாகப் பிடியுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கப் புரத வடிவமைப்பு ஆய்வாளர் டேவிட் பேக்கரின் குழு வெளியிட்ட ஆய்வைப் பலர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கணினியில் வடிவமைத்த புரதங்கள் எலிகளைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அவை நாக இனத்தின் மூவிரல் நச்சுகளுக்கானவை, அதாவது மூன்று விரல் நீட்டியதுபோல் வடிவமுள்ள நச்சுப் புரதங்களுக்கானவை. புடையனின் நஞ்சில் முக்கியமானவை பொஸ்போலைப்பேஸ் ஏ2 போன்ற நொதியங்கள். அவற்றோடு பிணைந்து தடுக்கும் மூலக்கூற்றைத் தேட முதலில் அவற்றின் வடிவம் வேண்டும். அதை, ஆய்வில் கண்டறிந்த புரத வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் புரதத் தரவு வங்கியில் தேடுங்கள். அங்கே கிடைக்காததற்கே, புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான அல்பாஃபோல்ட். அதிலும் தன் கணிப்புக்கு அதுவே 100க்குப் போடும் நம்பிக்கைப் புள்ளி 70க்குக் குறைந்த பகுதியில் மூலக்கூற்றைப் பொருத்திவிட்டு மகிழ வேண்டாம்.

அடுத்து, மூலக்கூறு நொதியத்தோடு எவ்வளவு பிணையும் என்று புள்ளி போடும் உங்கள் கணினி மாதிரியிடம் அரிஸ்டோலோக்கிக் அமிலத்தைக் கொடுத்துப் பாருங்கள். பாம்புக்கடிக்குப் பழைய வைத்தியம் சொல்லும் ஈசுரமூலியில் உள்ளது அது. புடையனின் இந்த நொதியத்தோடு அது பிணைந்திருப்பதைப் படிக ஆய்வில் நேரடியாகவே கண்டிருக்கிறார்கள். ஆகவே நல்ல மாதிரி அதற்கு நல்ல புள்ளி போடவேண்டும். போட்டால் மாதிரி தேறியது, மூலக்கூறு தேறவில்லை. சிறுநீரகத்தைப் பாழாக்கிச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும் அமிலம் அது. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸில் உடல் மெலிய மூலிகை உட்கொண்ட பெண்கள் சிறுநீரகங்களை இழந்தது இதனால்தான். புடையன் தீண்டியவருக்கு ஏற்கெனவே சிறுநீரகம் ஆபத்தில் இருக்கும். அவருக்கா இதைக் கொடுப்பீர்கள்? பிணைப்புப் புள்ளி இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். நீங்கள் தெரிவுசெய்த மூலக்கூறுகளின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நச்சுத்தன்மைக் கணிப்பையும், வெளிவந்த நச்சியல் ஆய்வையும் எழுதுங்கள். உரையாடல் செயலி "பாதுகாப்பானது" என்று சொன்னதைச் சான்றாகக் கொண்டுவராதீர்கள். அது மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் சில எவரும் எழுதாதவை.

மூலிகைப் பெயர்களை நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம் கேட்டுப் பெறுவதானால், எதற்கு, எங்கே வெளிவரும் என்பதைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவருடைய கொப்பியைப் படம்பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டாம்; அவருடைய அறிவுக்கு வேறொருவர் உரிமை கோரிவிடலாம். மஞ்சளால் புண் ஆற்றுவதற்கே 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள்; பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டித்தான் 1997இல் அதை நீக்க முடிந்தது. வாய்மொழியாக வந்த வைத்தியத்துக்கு அந்தச் சான்றும் இராது.

மென்பொருளின் பதிப்பு, பயிற்சித் தரவு, பலிக்காத முயற்சிகள் எல்லாவற்றையும் பின்னிணைப்பில் சேருங்கள். அறிக்கையில் "மருந்து" என்று எழுதாமல் "ஆய்வுகூடத்தில் சோதிக்கத் தகுந்த மூலக்கூறுகள்" என்று எழுதுங்கள். முகநூலில் போட ஆசைப்பட்டால், கடிபட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற வரியை முதலில் போடுங்கள்.