தக்காளி இலை என்ன சொல்கிறது?

டர்பனில் கோடை மழை பிடித்துவிட்டால் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டுத் தக்காளிகளில் அடி இலைதான் முதலில் கெடும். உடனே மருந்து வாங்க ஓடாதீர்கள். கெட்டது அடி இலையா, கொழுந்தா என்று பாருங்கள்.

அடி இலை ஒரே சீராக வெளிறினால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக நின்று இடையில் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம், அதே மஞ்சள் கொழுந்தில் வந்தால் இரும்புச்சத்து.

பழுப்புப் புள்ளி இருந்தால் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வட்டத்துக்குள் வட்டமாக, சுற்றிலும் மஞ்சள் படர்ந்து தெரிந்தால் அது முன்பருவக் கருகல். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது பூஞ்சை இலையில் ஏறுகிறது, அதனால் கெட்ட இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, வேரடியில் வைக்கோல் பரப்பி, காலையில் இலை நனையாமல் தண்ணீர் விடுங்கள். ஆனால் நீர் ஊறியதுபோலக் கருந்திட்டும் இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சணமும் இருந்தால் அது பின்பருவக் கருகல். பாசம் பார்க்காமல் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து உருளைக்கிழங்குக்கும் போய்விடும்.

இலை சுருண்டால்? வெயிலில் அடி இலை பச்சையாகவே சுருண்டால் கவலை வேண்டாம். கொழுந்து மஞ்சள் ஓரத்தோடு மேல்நோக்கிச் சுருங்கி, செடியும் குட்டையாக நின்றுவிட்டால் வைரஸ்தான். இலையைத் திருப்பிப் பாருங்கள், அதைப் பரப்பும் வெள்ளை ஈ இருக்கும். வைரஸுக்கு மருந்தே கிடையாது.

அப்புறம், இலைக்குள் கண்ணாடிபோல வெளிறிய திட்டும் அதில் கறுப்பு எச்சமும் கண்டால், அது 2016-இல் தென்னாப்பிரிக்காவுக்குள் வந்த, இலையைக் குடையும் டூட்டா புழு. அந்த இலையை உறையில் கட்டி வெயிலில் போடுங்கள்.