போலந்திலிருந்து வந்த கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் வாழும் நம்மவர் குடும்பங்களில் போலிஷ் வம்சாவளி மருமகளோ மருமகனோ இருப்பது இப்போது புதிதல்ல. பேரப்பிள்ளைக்குப் பள்ளியில் வம்சமரம் வரையச் சொல்லும்போதுதான் சிக்கல் வரும். நம் பக்கம் நாலு தலைமுறை கடகடவென்று வந்துவிடும். அந்தப் பக்கம் கேட்டால், “கொள்ளுத்தாத்தா வார்சாவிலிருந்து வந்தார், எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள்” என்ற ஒற்றை வரியோடு கதை நின்றுவிடும். (எல்லிஸ் தீவு, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த இடம்.)

அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டே போலந்துக் கிராமத்துக் கத்தோலிக்கக் கோவிலின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவேடு வரை போய்விடலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊர்ப் பெயர் கையில் இல்லாமல் போலந்து ஆவணங்களைத் தொடக்கூடாது. அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாமே பங்கு வாரியாகத்தான், அதாவது ஒரு கோவிலுக்கு உட்பட்ட வட்டாரம் வாரியாகத்தான் எழுதப்பட்டன. நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் எங்கும் கிடையாது. எனவே முதல் பாதி வேலை முழுவதும் அமெரிக்காவில்தான்.

உதாரணத்துக்கு, 1909ல் சிகாகோ வந்து இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்த ‘ஸ்டான்லி’ என்ற கற்பனைக் கொள்ளுத்தாத்தாவை வைத்துக்கொள்வோம்.

படி 1: கதையைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்

வீட்டிலேயே மூத்தவர் யாரோ அவரிடம் முதலில் போய் உட்காருங்கள். “தாத்தா எந்த வருஷம் பிறந்தார்?” என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். “ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோவிலுக்குப் போவீர்கள்? ஊரிலிருந்து கடிதம் வந்தால் யார் படித்துக் காட்டுவார்? தாத்தா யாரைத் திட்டுவார், ரஷ்யாவின் ஜார் மன்னரையா, ஜெர்மன்காரனையா?” என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பிறகு பரணில் கிடக்கும் பெட்டியை இறக்குங்கள். செபப்புத்தகத்தின் முதல் தாள், பழைய கடித உறை, புகைப்பட அட்டையில் அச்சிட்ட ஸ்டுடியோவின் ஊர்ப் பெயர், இறந்தவர் நினைவாகக் கொடுத்த செப அட்டை எல்லாமே சாட்சிகள்தான்.

கதை தப்பாகத் தெரிந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். ‘வார்சா’ என்றால் பெரும்பாலும் வார்சா மாகாணத்தில் எங்கோ ஒரு கிராமம். கேட்பவருக்குப் புரியட்டும் என்று தெரிந்த பெரிய ஊரைச் சொல்லியிருப்பார்கள். “நாங்கள் பிரபு வம்சம்” என்று சொன்னாலும் சிரித்துவிடாதீர்கள். போலந்தின் மசோவியா, பொத்லாசியே பகுதிகளில் தங்கள் நிலத்தைத் தாங்களே உழுத ஏழைப் பிரபுக்கள் கிராமம் கிராமமாக இருந்தார்கள்.

எல்லிஸ் தீவில் பெயர் மாறிய கதையை மட்டும் நான் நம்புவதில்லை. கப்பல் கம்பெனி ஐரோப்பாவிலேயே எழுதிக் கொடுத்த பயணிகள் பட்டியலை வைத்துக்கொண்டுதான் அந்த அதிகாரிகள் ஆளைச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பிற்பாடு, தொழிற்சாலைச் சம்பளக் கணக்கிலும் பள்ளிக்கூடத்திலும் குடியுரிமை மனுவிலும்.

படி 2: எந்தப் பேரரசு என்று முடிவு செய்யுங்கள்

1772, 1793, 1795 ஆகிய மூன்று தவணைகளில் ரஷ்யா, பிரஷ்யா (ஜெர்மானிய அரசு), ஆஸ்திரியா மூன்றும் போலந்தைத் துண்டுபோட்டுக்கொண்டன. மறுபடி அது சுதந்திர நாடானது 1918ல். ஸ்டான்லி வந்த 1909ல் வரைபடத்தில் போலந்து என்ற நாடே இல்லை. அமெரிக்க ஆவணத்தில் அவர் பிறந்த நாடு ‘ரஷ்யா’ என்று இருந்தால், “அப்படியானால் நாங்கள் ரஷ்யர்களா?” என்று வீட்டில் ஒரு சண்டையே நடக்கும். பதற வேண்டியதில்லை.

எந்தத் துண்டு என்பதைக் குடும்பக் கதையே பல நேரம் காட்டிக்கொடுக்கும். ஜாரின் பட்டாளத்துக்குப் பயந்து ஓடிவந்தார் என்றால் ரஷ்யப் பகுதி. பள்ளியில் ஜெர்மன் பேசச் சொல்லி அடித்தார்கள் என்றால் பிரஷ்யப் பகுதி. 1901ல் வ்ஜெஷ்னியா ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மறைக்கல்வியை ஜெர்மனில் படிக்க மறுத்து அடிவாங்கியது ஊரறிந்த சம்பவம். வீட்டுச் சுவரில் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் படம் மாட்டியிருந்தது என்றால் ஆஸ்திரியாவுக்குப் போன துண்டான கலீசியா. வந்த காலமும் உதவும். 1870, 80களில் வந்தவர்களில் பிரஷ்யப் பகுதிக்காரர்கள் அதிகம். 1890க்குப் பிறகு முதல் உலகப்போர் வரை கலீசியாவிலிருந்தும் ரஷ்யப் பகுதியிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

இதை ஏன் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும் என்றால், பதிவேடு எந்த மொழியில், எந்த வடிவத்தில் இருக்கும் என்பதே இதைப் பொறுத்ததுதான்.

படி 3: அமெரிக்கக் காகிதங்களில் ஊர்ப் பெயர்

பழைய குடும்ப ஆவணங்களைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். கிட்டத்திலிருந்து தொலைவுக்குப் போங்கள்: முதலில் இறப்புச் சான்று, பிறகு மக்கள்தொகைக் கணக்கு, குடியுரிமை மனு, கடைசியாகக் கப்பல் பட்டியல்.

1910 கணக்கெடுப்பில் தாய்மொழியையும் சேர்த்து எழுதினார்கள். ‘ரஷ்யா – போலிஷ்’ என்று பார்த்தால் படி 2 உறுதி. குடியேறிய ஆண்டும் அதே வரியில் இருக்கும். குடியுரிமைக் காகிதங்களில் 1906 செப்டம்பர் இறுதிக்குப் பிந்தையவைதான் பயன் தரும். அப்போதுதான் நாடு முழுவதும் ஒரே படிவம் வந்தது, பிறந்த ஊரும் பதிவானது. பாட்டியின் பெயரில் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் வியப்பில்லை. 1922 வரை கணவரின் குடியுரிமையே மனைவிக்கும் வந்துவிட்டதால் பல பெண்கள் தனி மனுவே போடவில்லை.

1907க்குப் பிந்தைய கப்பல் பட்டியலில் பிறந்த இடத்துக்கென்றே ஒரு பத்தி உண்டு. சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் இன்னொரு பத்தி. அமெரிக்காவில் யார் வீட்டுக்குப் போகிறார் என்பதும் இருக்கும். பட்டியல் இரண்டு பக்கங்களுக்கு நீளும், வலப்பக்கத்தைப் புரட்ட மறக்காதீர்கள். புறப்பட்ட துறைமுகம் ஹாம்பர்க் என்றால் அங்கே எழுதிய பட்டியலும் தப்பிப் பிழைத்திருக்கிறது. பிரேமன் துறைமுகத்தின் பழைய பட்டியல்கள் அநேகமாக அழிந்துபோயின.

இராணுவப் பதிவு அட்டைகளும் பாருங்கள். 1917 ஜூன் அட்டையில் பிறந்த ஊர் கேட்டிருந்தார்கள். 1942ல் வயதானவர்களுக்கு நடத்திய பதிவிலும் கேட்டிருந்தார்கள்.

படி 4: அமெரிக்காவிலுள்ள போலிஷ் பங்குகள்

அரசுக் காகிதத்தில் ‘ரஷ்யா’ என்று எழுதி முடித்த இடத்தில், போலிஷ் பாதிரியார் கிராமத்தின் பெயரையே எழுதிவைத்திருப்பார். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் ஒரே மொழி. அதனால் ஸ்டான்லி சிகாகோவில் கல்யாணம் செய்துகொண்டிருந்தால் நான் முதலில் போவது அந்தத் திருமணப் பதிவேட்டுக்குத்தான். சிகாகோவில் 1867ல் தொடங்கிய புனித ஸ்தானிஸ்வாஃப் கோஸ்த்கா, பஃபலோவில் 1873ல் தொடங்கிய புனித ஸ்தானிஸ்வாஃப் போன்ற பங்குகள் அந்தக் காலத்தில் ஒரு சிறு நகரம் அளவுக்குப் பெரியவை. சிகாகோவின் பழைய கத்தோலிக்கப் பதிவேடுகளில் பெரும்பகுதி ஃபேமிலிசர்ச்சிலேயே இருக்கிறது.

பிள்ளைகளின் திருமுழுக்குப் பதிவில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் (திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்) பெயர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவர்கள் பெரும்பாலும் அதே கிராமத்து உறவாக இருப்பார்கள். ஸ்டான்லியின் ஊர் கிடைக்காவிட்டாலும் ஞானத்தகப்பனின் ஊர் கிடைத்தால் கதவு திறந்துவிடும்.

கத்தோலிக்கப் பதிவேட்டில் குடும்பமே காணவில்லையா? 1897ல் ஸ்க்ராண்டனில் பிரான்சிஷெக் ஹோதுர் தலைமையில் பிரிந்த போலிஷ் தேசியக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்திருக்கலாம். அவர்கள் பதிவேடு தனி.

கல்லறையையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். ‘ப்ரோஷி ஓ ஸ்த்ரோவாஷ் மரியா’, அதாவது தனக்காக ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும்படி கேட்கும் வரி பல கற்களில் பொறித்திருக்கும். அதற்கு மேலே சில சமயம் பிறந்த ஊரும் இருக்கும்.

படி 5: பெயரைப் பழைய உருவத்துக்குக் கொண்டுபோங்கள்

ஸ்டான்லி என்று ஒருவர் போலந்துப் பதிவேட்டில் இருக்கவே மாட்டார். அவர் ஸ்தானிஸ்வாஃப். வால்டர் என்றால் வுவாதிஸ்வாஃப், செஸ்டர் என்றால் செஸ்வாஃப், ஹெட்விக் என்றால் யாத்விகா. வோய்ச்செக் என்ற பெயர் லத்தீனில் அடால்பெர்ட், அமெரிக்காவில் ஆல்பர்ட் அல்லது ஜார்ஜ்.

குடும்பப் பெயரில் ஒலியைக் கவனியுங்கள். போலிஷில் ‘ஜே’ எழுத்து ‘ய’ ஒலி. யான்கோவ்ஸ்கியைக் கேட்டு எழுதிய அமெரிக்கக் குமாஸ்தா ‘ஒய்’ போட்டுத் தொடங்கியிருப்பார். குறுக்கே சாய்கோடு போட்ட ‘எல்’ எழுத்தைப் பார்த்து எழுதியவர்கள் ‘டி’ என்று படித்துவிடுவார்கள். அப்பா கோவால்ஸ்கி என்றால் அம்மாவும் மகளும் கோவால்ஸ்கா. வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 6: கிராமத்திலிருந்து பங்குக்கு

ஊர்ப் பெயர் கிடைத்தவுடன் துள்ளிக் குதிக்க வேண்டாம். தொம்ப்ரோவா, வோலா, நோவா வியெஷ் என்ற பெயர்களில் ஊர்கள் எக்கச்சக்கம். மாகாணம், அருகிலுள்ள பெரிய ஊர், உறவினர் முகவரி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் எது நம் ஊர் என்று சொல்ல முடியும். 1880 முதல் 1902 வரை வெளிவந்த ‘போலந்து இராச்சியத்தின் புவியியல் அகராதி’யில் ஒவ்வொரு கிராமமும் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் போட்டிருக்கும், இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பிரஷ்யப் பகுதி ஊர்களுக்கு ஜெர்மன் பெயர் தனி: இனொவ்ரோத்ஸ்வாஃப் நகரம் 1904 முதல் ஹோஹென்சால்ட்சா. அப்பெயர்களுக்கு ‘கார்ட்டன்மைஸ்டர்’ தளம் கைகொடுக்கும். கலீசியாவின் கிழக்குப் பாதி இன்று உக்ரைனில் இருக்கிறது. அப்பகுதிப் புத்தகங்கள் லிவிவ் நகரிலும் வார்சாவின் மத்திய ஆவணக் காப்பகத்திலும் பிரிந்து கிடக்கின்றன.

படி 7: பதிவேட்டைத் திறந்து படியுங்கள்

தொடங்க நல்ல இடம் ‘ஜெனெதெகா’. போலிஷ் வம்சவரலாற்றுச் சங்கத்தின் தன்னார்வலர்கள் தொகுத்த இலவசப் பெயர்ப் பட்டியல் அது. மாகாணத்தைத் தேர்ந்தெடுத்து, அப்பாவின் குடும்பப் பெயரையும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துப் போட்டால், அந்தத் தம்பதியின் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். சில வரிகளில் ஸ்கேன் படத்துக்கு இணைப்பும் உண்டு. அதில் இல்லாத பங்கு என்றால் போலந்து அரசுக் காப்பகங்களின் ‘ஷுகாய் வ் அர்ஹிவாஹ்’ தளம், அல்லது ஃபேமிலிசர்ச். போஸ்னான் பகுதியின் 19ஆம் நூற்றாண்டுத் திருமணங்களுக்கு ‘போஸ்னான் ப்ராஜெக்ட்’.

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டாதீர்கள். அநேகமாக ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் ஒரு பெயர் அகரவரிசை இருக்கும். அங்கே பதிவு எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

ரஷ்யப் பகுதியில் 1808 முதல் பதிவுகள் முழு வாக்கியங்களாக இருக்கும். 1868 வரை போலிஷ், அதன்பின் முதல் உலகப்போர் வரை ரஷ்யன். பார்த்ததும் தலை சுற்றும், ஆனால் எல்லாப் பாதிரியாரும் ஒரே வாய்பாட்டையே எழுதினார்கள். ஒரு பிறப்புப் பதிவு தமிழில் இப்படி வரும்:

“இன்ன ஊரில், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறாம் ஆண்டு இன்ன மாதம் இன்ன நாள், காலை பத்து மணிக்கு நடந்தது. இன்ன கிராமத்தில் குடியிருக்கும் முப்பது வயதுக் குடியானவர் இன்னார், இன்னார் இன்னார் முன்னிலையில் நேரில் வந்து, தம் மனைவி இன்னாரிடம் இந்தக் கிராமத்தில் நேற்றுப் பிறந்த ஆண் குழந்தையை எங்களிடம் காட்டினார். குழந்தைக்குத் திருமுழுக்கில் ஸ்தானிஸ்வாஃப் என்று பெயரிடப்பட்டது. ஞானப்பெற்றோர் இன்னார், இன்னார். வந்தவருக்கும் சாட்சிகளுக்கும் எழுதத் தெரியாததால் படித்துக் காட்டி நாம் மட்டும் கையொப்பமிட்டோம்.”

வருடம், நாள், வயது எல்லாம் எழுத்தால் எழுதப்பட்டிருக்கும் என்பதால் எண்ணுப் பெயர்களையும் மாதப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். தொழில் சொற்களில் நாலு போதும்: ‘கோஸ்போதாஷ்’ நிலமுள்ளவர், ‘வுவொஷ்சியானின்’ குடியானவர், ‘விரோப்னிக்’ தினக்கூலி, ‘கோமோர்னிக்’ பிறர் வீட்டில் ஒண்டிக் குடியிருக்கும் நிலமற்றவர். ஒரே மனிதர் ஒரு பிள்ளை பிறந்தபோது கோஸ்போதாஷாகவும் கடைசிப் பிள்ளை பிறந்தபோது விரோப்னிக்காகவும் இருந்தால், அவர் மகன் ஏன் கப்பலேறினான் என்பதற்கு ஒரு காரணம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

ரஷ்யன் பதிவில் இரண்டு தேதி இருக்கும். முதலாவது ஜூலியன் நாள்காட்டி, இரண்டாவது நாம் பயன்படுத்துவது. 19ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 12 நாள் இடைவெளி. நம் மரத்தில் இரண்டாவதை எழுதுங்கள். பெயர்கள் ரஷ்ய எழுத்துக்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் போலிஷிலும் பல இடங்களில் இருக்கும்.

கலீசியா சுலபம். லத்தீன், கட்டம் போட்ட பக்கம், வீட்டு எண்ணோடு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போகலாம். பிரஷ்யப் பகுதியில் கோவில் புத்தகம் லத்தீனிலோ ஜெர்மனிலோ இருக்கும். 1874 அக்டோபர் முதல் அரசுப் பதிவாளர் அலுவலகமும் தனியாக எழுதியது.

ஒரு பிறப்பு கிடைத்ததும் அடுத்துத் தேட வேண்டியது பெற்றோரின் திருமணம். ரஷ்யப் பகுதியில் அதில் இரு தரப்புப் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த விவரம் எல்லாம் இருக்கும். அந்தத் திருமணத்துக்காகக் கொடுத்த இணைப்புக் காகிதங்கள் ‘அலெகாத்தா’ என்ற பெயரில் தனிக் கட்டாக இருந்தால் விடாதீர்கள். பெண் வேற்றூர் என்றால் அவள் திருமுழுக்குச் சான்றின் நகல் அதில் இருக்கும்.

படி 8: இணையத்தில் இல்லாததை எழுதிக் கேளுங்கள்

போலந்தில் பிறப்புப் பதிவுகள் 100 ஆண்டும், திருமண, இறப்புப் பதிவுகள் 80 ஆண்டும் உள்ளூர்ப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். அதன் பிறகு அரசுக் காப்பகத்துக்குப் போகும். பதிவாளரிடம் கேட்க நேரடி வாரிசு என்று காட்டும் சான்றுகள் வேண்டும்.

பங்குத்தந்தைக்கு எழுதுவதானால் போலிஷில், அரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். பெயர், தோராயமான பிறந்த ஆண்டு, பெற்றோர் பெயர், கிராமம், உங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு பதிவு, அவ்வளவுதான். “எங்கள் குடும்ப வரலாறு முழுவதையும் அனுப்புங்கள்” என்று கேட்டால் பதில் வராது. பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. கோவிலுக்குச் சிறு காணிக்கை தருவதாகச் சொல்வது மரியாதை. மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதற்குள் ஸ்டான்லியின் மனைவி பக்கத்தை முதல் படியிலிருந்து தொடங்கிவிடுங்கள்.