டீயும் மனநிலையும்: பூஜ்யமாய் வந்த கெழு

முதுகலை ஆய்வேட்டுக்காக 62 பேரிடம் 14 நாள், தினமும் எத்தனை டீ, மனநிலை எப்படி என்று குறித்து வாங்கினேன். ஒவ்வொருவரின் பல நாள் பதிவுகளையும் ஆள்வாரியாகப் பிரித்துக் கணக்கிடும் மல்டிலெவல் மாடலில் டீயின் கெழு, அதாவது ஒரு டீ கூடினால் மனநிலை எவ்வளவு மாறுகிறது என்ற எண், பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. இரண்டு நாள் தூக்கம் போச்சு.

கோளாறு என்னவென்றால், ஒரே மாறிக்குள் இரண்டு கேள்விகளைத் திணித்திருந்தேன். நிறைய டீ குடிக்கும் ஆள் எப்படி இருக்கிறார் என்பது ஒன்று. அதே ஆள் வழக்கத்தைவிட ஒரு டீ கூடக் குடித்த நாளில் எப்படி இருக்கிறார் என்பது வேறு.

ஒவ்வொருவரின் சராசரியையும் எடுத்து, அன்றன்றைய எண்ணிக்கையிலிருந்து கழித்தேன்; மிஞ்சியதுதான் அன்றைய விலகல். முதல் தடவை பாதிப் பேருக்கு ‘என்ஏ’ (மதிப்பு இல்லை) என்று வந்தது. விடுபட்ட நாள்களை ஒதுக்கச் சொல்ல மறந்திருக்கிறேன்! அப்புறம் சராசரி, விலகல் இரண்டையும் தனித்தனியாக மாடலில் போட்டேன். விலகலுக்கு நேர்க்குறி, சராசரிக்கு எதிர்க்குறி: வழக்கத்தைவிடக் கூடக் குடித்த நாளில் மனநிலை மேலே, பொதுவாக நிறையக் குடிப்பவர்களுக்குக் கீழே. இத்தனை நாளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. சரி, மனநிலையைத் தூக்கியது டீயா, கூடக் கடைக்கு வந்த நண்பர்களா? அதை இந்தத் தரவு சொல்லாது.