ஜி.இ.டி. எழுதும் பெரியவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பள்ளியை விட்டுப் பல வருடம் கழித்து, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு இணையான அமெரிக்காவின் ஜி.இ.டி. தேர்வுக்குத் தயாராகிறவர்கள், பழைய பழக்கத்தில் போர்களின் ஆண்டுகளையும் அறிவியல் வரையறைகளையும் உருப்போடத் தொடங்குவார்கள். அது வீண் உழைப்பு. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் பெரும்பாலும் ஒரு பத்தியோ அட்டவணையோ வரைபடமோ கொடுத்து, அதை வைத்தே கேட்கிறார்கள். தினமும் ஒரு வரைபடத்தை எடுத்து, எந்த அச்சில் எந்த அளவு, கோடு எங்கே ஏறுகிறது என்று சொல்லிப் பழகுவதே மேல்.

கணக்கில் தவறு வேறு மாதிரி. பின்னம், சதவீதம் என்று மாதக்கணக்கில் சுற்றிவிட்டு, இயற்கணிதத்துக்கு வரும்போது தேர்வு நெருங்கிவிடும். தாளில் சுமார் 55 சதவீதம் இயற்கணிதம்தான். அதை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். திரையில் வரும் கால்குலேட்டரையும் முன்பே பழகிக்கொள்ள வேண்டும். x = −3 என்றால் x² எவ்வளவு? அடைப்புக்குறி போடாமல் −3² என்று தட்டினால் −9 வரும். (−3)² என்று தட்டினால்தான் சரியான விடை 9. தப்பு விடையும் நான்கு தெரிவுகளில் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் சந்தேகமே வராது. தொடக்கக் கேள்விகள் சிலவற்றுக்குக் கால்குலேட்டரே கிடையாது. அதனால் கைக்கணக்கும் வேண்டும்.

அதிகம் பேர் வழுக்குவது மொழித் தாளில் வரும் கட்டுரையில். எதிரெதிர்க் கருத்துள்ள இரண்டு பத்திகளைக் கொடுத்து, யாருடைய வாதத்துக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது என்று கேட்பார்கள். உங்கள் சொந்தக் கருத்தை யாரும் கேட்கவில்லை. "எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். "முதல் ஆசிரியர் புள்ளிவிவரம் காட்டுகிறார், இரண்டாமவர் வெறுமனே அடித்துச் சொல்கிறார்" என்று பத்தியிலிருந்தே மேற்கோளுடன் காட்டுங்கள். இருப்பது 45 நிமிடம்: படிக்கவும் குறிக்கவும் பத்து, தட்டச்சு செய்ய முப்பது, திருத்த ஐந்து. தட்டச்சில் வேகம் இல்லாவிட்டால் நல்ல கருத்தும் பாதியில் நிற்கும்.

ஒரு தாளில் அள்ளிய மதிப்பெண் இன்னொன்றைத் தூக்கிவிடாது. மொழி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்ற நான்கு தாள்களிலும் தனித்தனியாக 145 வேண்டும். அதற்காக நான்கையும் ஒரே நாளில் எழுதத் தேவையில்லை, ஒவ்வொன்றாகவே பதிவு செய்யலாம். அதிகாரபூர்வ மாதிரித் தேர்வை எழுதாமல் பணம் கட்டிவிடாதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் வெற்றாக விடவேண்டாம். பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். முதலெழுத்தைக் குடும்பப் பெயராக மாற்றிக்கொண்ட நம்மவர்களுக்கு இதில்தான் சிக்கல் வரும்.